வாய்க்குள் விஷமா? வெள்ளி அடைப்பும் வீண் பயமும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்குக் கடைவாய்ப் பல்லில் சாம்பல் நிற அடைப்பு ஒன்றாவது இருக்கும். பள்ளிக்கூடக் காலத்தில் சொத்தை விழுந்தபோது வைத்தது. வெள்ளி அடைப்பு, சில்வர் ஃபில்லிங் என்று நாம் சொல்வதைப் பல் மருத்துவர்கள் அமால்கம் என்பார்கள். இருபது முப்பது வருஷமாக முறுக்கையும் கரும்பையும் கடித்துக்கொண்டு அது தன்பாட்டுக்குக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் வாட்ஸப்பில் ஒரு காணொளி வந்து சேரும். 'உங்கள் பல்லில் பாதரசம் இருக்கிறது. நீங்கள் தூங்கும்போதும் அது ஆவியாகி மூளைக்குப் போகிறது. மறதி, முடி கொட்டுதல், மூட்டுவலி, குழந்தையின்மை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.' கடைசியில் ஒரு கிளினிக்கின் எண் இருக்கும். இல்லாவிட்டால், உடம்பில் சேர்ந்த உலோகத்தை வெளியே தள்ளும் கேப்சூலை எங்கே வாங்கலாம் என்று இருக்கும்.

இதில் முதல் வாக்கியம் உண்மை. அதனால்தான் மற்றவையும் உண்மை போலத் தோன்றுகின்றன.

அமால்கத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். இப்போது இரண்டையும் அளந்து அடைத்த சிறு கேப்சூலாகவே வருகிறது. அதிரும் கருவியில் செருகினால் சில நொடிகளில் கலந்துவிடும். முன்பெல்லாம் பல் மருத்துவக் கல்லூரிகளில் சிறிய கல்வத்தில் தூளைப் போட்டு, பாதரசத்தை விட்டு, கையால் அரைப்பார்கள். அரைத்ததைத் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சொட்டும். கையுறை போடாத அந்தக் காலத்தில் உள்ளங்கையிலேயே வைத்து உருட்டிப் பதம் பார்த்தவர்களும் உண்டு. குழிக்குள் வைத்து அழுத்தும்போது கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். சில நிமிடங்களில் இறுக ஆரம்பித்து ஒரே நாளில் கெட்டியாகிவிடும். பாதரசம் தனியாக ஓடித் திரியும் திரவமாக அப்போது இருப்பதில்லை. மற்ற உலோகங்களோடு சேர்ந்து புதிய சேர்மங்களாகிவிடுகிறது.

ஆனால் ஒன்றுமே வெளியே வராது என்று சொல்ல முடியாது. பல் மருத்துவ உலகம் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நுண்ணிய அளவையும் காட்டும் கருவிகள் வந்த பிறகு, மெல்லும்போதும், பல்லைக் கடிக்கும்போதும், சூடாகக் குடிக்கும்போதும் மிகச் சிறிதளவு பாதரச ஆவி வெளிவருவது தெரிந்தது. 'ஒன்றும் வராது என்றார்களே, மறைத்துவிட்டார்கள் பார்' என்ற சந்தேகம் வேரூன்றியது இந்த இடத்தில்தான். அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொன்னதன் பலன் அது.

கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வருகிறது என்பது. வழக்கமான எண்ணிக்கையில் அடைப்புள்ள ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்குச் சேர்வது சுமார் 1 முதல் 5 மைக்ரோகிராம் என்று பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உடம்பு அதைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பாதரச ஆவியைச் சுவாசித்தபடி வேலை செய்த தொழிலாளர்களை ஆராய்ந்ததில், கை நடுக்கம் போன்ற வெளிப்படையான நச்சுக்குறிகள் சிறுநீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகும்போதுதான் தெரிகின்றன. நுட்பமான சோதனைகளில் மட்டும் பிடிபடும் மாற்றங்கள் அதில் பாதிக்கும் குறைவான அளவிலிருந்து தொடங்கலாம். அடைப்பு உள்ள சாதாரண மனிதர்களின் சிறுநீரில் இருப்பதோ பொதுவாக ஐந்துக்கும் குறைவு.

கணக்கு மட்டும் போதாது, மனிதர்களிடம் பார்த்தார்களா என்று கேட்பது நியாயம். பார்த்தார்கள். அதுவும் சரியான முறையில் பார்த்தார்கள். 2006 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 6 முதல் 10 வயது வரையுள்ள 534 குழந்தைகளிடம் செய்தது. இன்னொன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், காசா பியா என்ற பழைய அறக்கட்டளைப் பள்ளிகளில் படித்த 507 குழந்தைகளிடம் செய்தது. இரண்டிலும் சொத்தைப் பல்லுள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அமால்கமும் மறு குழுவுக்குப் பல் நிறத்திலான காம்போசிட்டும் வைத்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளை ஐந்து ஆண்டும், லிஸ்பன் குழந்தைகளை ஏழு ஆண்டும் பின்தொடர்ந்தார்கள். அறிவுத்திறன், ஞாபகசக்தி, கவனம், கை வேகம், நரம்பில் மின்னலை பாயும் வேகம், சிறுநீரகம் என்று வரிசையாகச் சோதித்தார்கள். அமால்கம் வைத்த குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் சற்று அதிகமாகவே இருந்தது. அமெரிக்க ஆய்வில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 0.9 மைக்ரோகிராம்; காம்போசிட் குழுவில் 0.6. ஆனால் மூளை, நரம்புச் சோதனைகளில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. லிஸ்பனில் தெரிந்த ஒரே பெரிய வித்தியாசம் வேறு: காம்போசிட் வைத்த பற்களுக்குத்தான் பின்னால் மறுபடி சிகிச்சை அதிகம் தேவைப்பட்டது.

முதியவர்களுக்கு? அமெரிக்காவில் கத்தோலிக்கக் கன்னியர்களை முதுமை முழுக்கத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி வாழ்க்கை என்பதால் ஒப்பிட வசதியான கூட்டம். 75 முதல் 102 வயது வரையான 129 கன்னியர்களின் பற்களில் இருந்த அமால்கத்தையும் நினைவுத்திறனையும் ஒப்பிட்டு 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். அமால்கம் அதிகமுள்ளவர்களுக்கு மறதி அதிகம் என்று எதுவும் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பயம் ஏன் போகவில்லை? அதற்கு அது பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

அமால்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் கிராகூர் என்ற பெயருள்ள சகோதரர்கள். 1833-இல் நியூயார்க்கில் கடை விரித்து, ஆடம்பரமான பெயர் சூட்டி விற்றார்கள். சொத்தையைச் சுத்தம் செய்யாமலே அமுக்கி வைத்தார்கள். தங்க அடைப்பு வைத்துப் பிழைத்த மருத்துவர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. அவர்கள் 1840-இல் அமைத்த சங்கம், அமால்கம் வைக்கமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கியது. ஆனால் ஏழைகளுக்குத் தங்கம் கட்டுப்படியாகவில்லை. உறுப்பினர்கள் கழன்றுகொண்டே போக, 1856-இல் அந்தச் சங்கமே கலைந்தது. 1926-இல் ஜெர்மனியின் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் மறுபடி எச்சரிக்கை எழுப்பினார். அவர் ஆய்வகத்தில் வருஷக்கணக்காகப் பாதரச ஆவியைச் சுவாசித்து உண்மையாகவே நோயுற்றவர். அவருடைய துன்பம் நிஜம்தான். ஆனால் ஆய்வகக் காற்றுக்கும் ஒரு பல்லடைப்புக்கும் உள்ள தூரம் அதிகம்.

இன்று நம் கைப்பேசி வரை வந்திருக்கும் கதைகளுக்குப் பெரும்பாலும் மூலம், கொலராடோ மாநிலத்தின் ஹால் ஹக்கின்ஸ் என்ற பல் மருத்துவர். 1985-இல் இதுபற்றி அவர் எழுதிய புத்தகம் பரவலாக விற்றது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்பட, தீராத நோய்களோடு வந்தவர்களுக்கெல்லாம் பழைய அடைப்புகளைக் களையும் சிகிச்சையைப் பெரும் பணத்துக்குச் செய்தார். 1990 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இந்தப் பயத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அடைப்பை எடுத்தவுடனே நோய் குணமானதாக ஒரு பெண் அதில் சொன்னார். இதில் ஒரு சாதாரண உண்மை அடிபட்டுப்போனது. அமால்கத்தைத் துளைத்து எடுக்கும்போது தூளும் ஆவியும் கிளம்பி, இரத்தத்தில் பாதரசம் சில நாட்களுக்கு ஏறத்தான் செய்யும், இறங்காது. பாதரசம்தான் நோய்க்குக் காரணம் என்றால் அன்று அவர் இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தானாக ஏறி இறங்கும் நோய் என்பதையும் யாரும் சொல்லவில்லை. 1996-இல் கொலராடோ மாநிலம் ஹக்கின்ஸின் உரிமத்தைப் பறித்தது. அவர் கிளப்பிய வியாபாரத்துக்கு உரிமம் தேவைப்படவில்லை.

சோதனை என்ற பெயரில்

பயமுறுத்துகிறவர்கள் வெறும் வாயால் பயமுறுத்துவதில்லை. அச்சடித்த அறிக்கை ஒன்றைக் கையில் தருவார்கள். அதன் சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வகை, ஆவி மீட்டர். பத்து நிமிடம் சூயிங்கம் மெல்லச் சொல்லிவிட்டு, வாய்க்குள் ஒரு குழாயை வைத்துக் காற்றை உறிஞ்சி, எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண் ஒரு கன மீட்டர் காற்றுக்கான கணக்கு. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். நம் வாய்க்குள் அடங்கும் காற்றோ ஒரு டம்ளருக்கும் குறைவு. மென்று முடித்த உச்ச நேரத்தில் ஒரு வாய்க் காற்றில் எடுத்ததை ஆயிரம் லிட்டருக்குப் பெருக்கி, தொழிற்சாலையில் எட்டு மணி நேரமும் அந்தக் காற்றையே சுவாசிக்கும் தொழிலாளிக்கான வரம்போடு ஒப்பிடுவார்கள். சிவப்பு விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

அடுத்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. டிஎம்எஸ்ஏ, டிஎம்பிஎஸ் போன்ற உலோகம் இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆறு மணி நேரச் சிறுநீரைப் பிடித்துச் சோதிப்பார்கள். மீன் சாப்பிட்டவர், அடைப்பே இல்லாதவர் என்று யாருக்கு அந்த மருந்தைக் கொடுத்தாலும் சிறுநீரில் உலோகம் கூடத்தான் செய்யும். மருந்தின் வேலையே அதுதான். ஆனால் அறிக்கையில் பக்கத்தில் போடும் 'இயல்பு அளவு', மருந்து சாப்பிடாதவர்களுடையது. ஆக, சோதனைக்குப் போன எவரும் விஷம் ஏறியவர் ஆகிவிடுவார். இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

முடியைக் கத்தரித்து அனுப்பும் சோதனை இன்னும் பொருத்தமில்லாதது. முடியில் சேர்வது பெரும்பாலும் மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசம். பல்லடைப்பின் பாதரசத்தை அறிய அது உதவாது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், எந்த மருந்தும் கொடுக்காமல் எடுக்கும் சாதாரணச் சிறுநீர்ச் சோதனைதான் சரியான வழி.

சோதனைக்குப் பிறகு வருவது 'டீடாக்ஸ்'. உலோகம் இழுக்கும் மருந்துகளுக்கு மருத்துவத்தில் இடம் இருக்கிறது. உண்மையான ஈய நச்சு, பாதரச நச்சு வந்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுப்பார்கள். இரத்தத்திலுள்ள கால்சியத்தையும் சேர்த்து இழுத்துவிடும் மருந்து அவற்றில் உண்டு. 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் இருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அப்படிப்பட்ட மருந்தை ஊசி மூலம் ஏற்றியதில் கால்சியம் விழுந்து, இதயம் நின்று இறந்தான். உடம்பைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது நரம்பில் மருந்து ஏற்ற முன்வந்தால், பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல அடைப்பை எடுத்தால் என்ன ஆகும்? முதலில், பல் குறையும். பழைய அடைப்பைத் துளைத்து எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள நல்ல பல்லும் கொஞ்சம் போகும். குழி ஆழமாக இருந்தால் துளைக்கும் சூட்டிலும் அதிர்விலும் உள்ளே உள்ள கூழ் பாதிக்கப்பட்டு ரூட் கெனால் வரை போகலாம். ரூட் கெனாலுக்குப் பிறகு கேப். வலி இல்லாமல் இருந்த நான்கு பல்லுக்குச் சில ஆயிரங்களில் தொடங்கும் செலவு, பிறகு நினைத்துப் பார்க்காத தொகைக்கு ஏறும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது இதுதான்.

அப்புறம் ஏன் தடை செய்கிறார்கள்?

படித்தவர்களையும் தடுமாற வைக்கும் கேள்வி இது. நார்வே 2008-இலும் சுவீடன் 2009-இலும் அமால்கத்துக்குத் தடை போட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் பதினைந்து வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு நிறுத்தியது; 2025 ஜனவரி 1 முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை தவிர, எல்லோருக்கும் நிறுத்திவிட்டது. மினமாட்டா ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, 2034-க்குள் அமால்கத்தை முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. இந்தியாவும் 2018 ஜூனில் அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடு.

அந்த ஒப்பந்தத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா கடற்கரை ஊரில் சிசோ என்ற வேதித் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்தது. மீனைத் தின்ற பூனைகள் சுழன்று விழுந்தன. மனிதர்களுக்குக் கை கால் இழுத்தது. தாய் வயிற்றிலிருந்தே ஊனத்தோடு குழந்தைகள் பிறந்தன. 1956-இல்தான் அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. பாதரசம் எங்கே கொட்டினாலும் கடைசியில் நீருக்குள் போகிறது, அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, அது மீன் வழியாகத் திரும்புகிறது. ஐரோப்பாவில் மட்டும் பல் மருத்துவத்துக்கு ஆண்டுதோறும் சுமார் 40 டன் பாதரசம் செலவாகிக்கொண்டிருந்தது. கிளினிக்கின் சாக்கடை வழியாகவும், இறந்தவரைத் தகனம் செய்யும்போது புகைபோக்கி வழியாகவும் அது வெளியேறுகிறது. தடையின் முதன்மையான நோக்கம் இந்தச் சுழற்சியை அறுப்பது. ஏற்கெனவே வாயில் இருப்பதைப் பிடுங்கி எடுங்கள் என்று அந்த விதிகள் எதிலும் கிடையாது.

எச்சரிக்கை தேவைப்படும் சிலர் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் ஓர் அறிவுரை வெளியிட்டது. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுவோர், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், குறிப்பாக ஆறு வயதுக்குட்பட்டவர்கள், ஏற்கெனவே நரம்பு நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், பாதரசத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு முடிந்தவரை புதிதாக அமால்கம் வைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். தீங்கு நிரூபணமானதால் சொன்னதல்ல. இவர்களைப் பற்றிய தரவு போதாததால் முன்னெச்சரிக்கையாகச் சொன்னது. அதே அறிவுரையில்தான், நல்ல நிலையிலுள்ள அடைப்பை மருத்துவக் காரணமின்றி எடுக்க வேண்டாம் என்றும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை வாட்ஸப் காணொளிகள் சொல்வதே இல்லை.

எடுத்தே ஆக வேண்டிய அடைப்புகளும் இருக்கின்றன. ஓரம் உடைந்து உணவு சிக்குவது, அடைப்புக்கு அடியில் மறுபடி சொத்தை விழுவது, பல்லில் விரிசல் ஆகியவை சரியான காரணங்கள். அபூர்வமாகச் சிலருக்கு, அடைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்னத்தின் உட்பகுதியில் வெள்ளை வரிகளும் எரிச்சலும் வரும். தோல் மருத்துவரிடம் பேட்ச் சோதனை செய்து ஒவ்வாமை என்று உறுதியானால், மாற்றினால் குணமாகும். அப்படி எடுக்கும்போது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்டி, தண்ணீர் தெளித்து, வேகமாக உறிஞ்சும் கருவியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் அவசரமில்லாத வரை பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான பாதரசம் எங்கே இருக்கிறது?

பல்லைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதில் இன்னொரு நஷ்டம், பயப்பட வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவது. பாதரச ஆபத்து தமிழர்களுக்கு ஏட்டுச் செய்தி அல்ல. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது, பாதரசம் படிந்த டன் கணக்கான கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்த பிறகுதான். தங்கள் உடல்நலம் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் போராடினார்கள். 591 பேருக்கான உடன்படிக்கை 2016 மார்ச்சில் கையெழுத்தானது. மண்ணைச் சுத்தம் செய்யும் அளவுகோல் பற்றிய சண்டை அதற்குப் பிறகும் நீண்டது.

இன்றைக்கு வீட்டுக்குள் வரும் பாதரசத்தில் முதலிடம் என் கணக்கில் சிவப்பழகு க்ரீமுக்குத்தான். உற்பத்தியாளர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல், வெளிநாட்டு எழுத்து அச்சிட்ட டப்பாவில் ஃபேன்சி ஸ்டோரிலும் இணையத்திலும் கிடைப்பது. மெலனினைத் தடுக்கப் பாதரச உப்பைக் கலக்கிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நிறம் மாறுவது அதனால்தான். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். உரிய முறைப்படி சுத்தி செய்யாத, லேபிள் இல்லாத சில பாரம்பரிய மருந்துகளும் இதே சிறுநீரக நோய்க்குக் காரணமாவதைச் சென்னையிலுள்ள சிறுநீரகத் திசு ஆய்வகம் ஒன்று 2022-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. க்ரீமோ செந்தூரமோ, சாப்பிட்ட அல்லது பூசிய பிறகு கால் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். டப்பாவையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கர்ப்பிணிகள் சுறா போன்ற பெரிய மீன்களைத் தள்ளிவைத்துவிட்டு மத்தி, நெத்திலி சாப்பிடலாம். தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளைத் திரட்டி மூடியுள்ள புட்டியில் போடுங்கள்.

உங்கள் உரிமை

சரி, நாற்காலியில் படுத்திருக்கும்போது 'இதில் பாதரசம் இருக்கு, எல்லாத்தையும் எடுத்துடலாம்மா' என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? எழுந்து உட்காருங்கள். படுத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. எந்தப் பல், அதில் என்ன கோளாறு, எக்ஸ்ரேயில் எங்கே தெரிகிறது, எடுக்காமல் விட்டால் என்ன ஆகும், எடுத்த பிறகு என்ன வைப்பார்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 'பாதரசம்' என்பதைத் தவிர வேறு காரணம் வரவில்லை என்றால் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பலாம். இன்னொரு கருத்துக் கேட்கச் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. அங்கே உங்கள் அடைப்பை எடுப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

சம்மதம் என்பது கடைசிப் பக்கத்தில் போடும் கையெழுத்து மட்டுமல்ல. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது இது: சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதே செல்லுபடியாகும் சம்மதம், ஒன்றுக்குத் தந்த சம்மதத்தை வைத்து, அவசர நிலை இல்லாதபோது, இன்னொன்றைச் செய்யக்கூடாது. பல் சுத்தம் செய்யப் போனவரின் மூன்று அடைப்பைக் கேட்காமல் எடுத்தால், அது இந்தத் தீர்ப்புக்கு முரண்.

பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இலேயே வி.பி. சாந்தா வழக்கில் முடிவாகிவிட்டது. பல் மருத்துவமும் அதில் சேரும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆனால் ஆணையத்தில் கோபம் எடுபடாது, காகிதம்தான் எடுபடும். சிகிச்சைக்கு முந்தைய எக்ஸ்ரே, பில், மருந்துச்சீட்டு, சோதனை அறிக்கை, வாட்ஸப்பில் அவர்கள் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். அந்த அடைப்பை எடுக்கத் தேவையிருக்கவில்லை என்று இன்னொரு பல் மருத்துவர் எழுதித் தருவது பெரும்பலம். நடத்தை பற்றிய புகார் என்றால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். அதற்கு அவருடைய பதிவு எண் தேவை. பில்லில் பதிவு எண்ணே இல்லாதவரிடம் பல்லைக் காட்டுவதே தவறு.

விளம்பரங்களுக்கும் சட்டம் இருக்கிறது. மூளை நோயையும் நரம்புக் கோளாறையும் குணமாக்கும் என்று கேப்சூலுக்கும் கஷாயத்துக்கும் விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. பொய் விளம்பரம் செய்பவர்மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். புகாரை மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் கொடுக்கலாம். விளம்பரத்தின் படத்தையும் தேதியையும் சேமித்து வையுங்கள். அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.

இனி புதிதாகச் சொத்தை அடைக்க வேண்டியிருந்தால் காம்போசிட்டோ கண்ணாடி அயனோமரோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழலுக்கும் அது நல்லது. ஏற்கெனவே வைத்து, வலியில்லாமல், உடையாமல் இருக்கும் வெள்ளி அடைப்பை அப்படியே விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டினால் போதும். அந்தக் காணொளியை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.